அத்தான் அளவெடுத்த பெட்டி

என் அக்கா புருஷன் தையல்காரர். ஊருக்கெல்லாம் சொன்ன நாளில் தைத்துக் கொடுப்பார்; அக்காவின் பச்சைத் துணி மட்டும் ஆறு வருஷமாக வெட்டுப்படாமல் கிடக்கிறது. அப்பேர்ப்பட்டவர், கம்பளிகளைப் போட்டு வைக்கத் தன் கையாலேயே ஒரு மரப்பெட்டி செய்யப்போவதாக அறிவித்தால் சிரிப்பு வருமா, வராதா?

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலேன்னா தச்சரைக் கூப்பிட்டுடுவேன்," என்றாள் அக்கா. மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

நாலாக மடித்து அடுக்கிய ஆறு கம்பளிகளைச் சுற்றி டேப்பைப் போட்டார். "இடுப்பு... மார்பு..." என்று முனகியபடி ஆர்டர் நோட்டில் எழுதினார். பழுப்புக் காகிதத்தில் சாக்கட்டியால் வரைந்து, கத்தரித்து, குண்டூசி குத்தி நிறுத்தியும் பார்த்தார். காகிதப் பெட்டிக்குள் கம்பளிகள் கச்சிதமாக உட்கார்ந்தன.

நான் மரக்கடையில் வேலை பார்ப்பவன். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? "அத்தான், பலகை ஒரு அங்குல கனம். ரெண்டு பக்கமும் உள்ளளவு குறைஞ்சிடும்."

"முப்பது வருஷமா டேப்பைக் கழுத்துல போட்டிருக்கேன், எனக்கே பாடமா மாப்ளே? நீளத்துல தாராளமா லூஸ் விட்டிருக்கேன். அகலம் மட்டும் உடம்போட ஒட்டின மாதிரி இருக்கணும். பிடிச்சா பிரிச்சு விட்டுக்கலாம்."

"பலகையையா?"

கோபம் வந்தால் அவருக்குக் காது கேட்காது. எப்படியோ போங்கள் என்று அவர் சொன்ன அளவுக்கே அறுத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டி தயார். ஆடவில்லை, கோணவில்லை, எனக்கே கொஞ்சம் பொறாமைதான். அக்கா முதல் கம்பளியை வைத்தாள். அகலத்தில் சரியாக இரண்டு அங்குலம் இடித்தது. வேறு மாதிரி மடித்தால் மூடி மூடவில்லை.

அக்கா தச்சரைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தாள். அத்தான் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"கொஞ்சம் பொறு," என்றவர் கம்பளிகளை வாரிக்கொண்டு மெஷினுக்குப் போனார். மடிப்புக்கு இரண்டு அங்குலம், நாலு மடிப்புக்கு எட்டு. ஆறு கம்பளியிலும் எட்டு அங்குலம் வெட்டி, ஓரம் அடித்து, சாயங்காலத்துக்குள் பெட்டியில் அடுக்கி மூடியும் விட்டார்.

அக்கா அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்குன்னு எடுத்து, சொன்ன நாள்ல நீங்க முடிச்ச முதல் வேலை இதுதான்," என்றாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தான் ஆறடி உயரம். அன்றிலிருந்து சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். கேட்டால், கம்பளி கச்சிதம் என்கிறார்.