நான் மட்டும் பார்த்த நூலிழை

ஒரு மாணவி முன்னேறியதை நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை!

நீங்களும் யாருக்கோ எதையோ கற்றுக்கொடுப்பவராக இருக்கலாம். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சிங்காநல்லூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில், இயந்திரப் பாகங்களை ராவிப் பொருத்தும் பிட்டர் பிரிவின் பயிற்றுநர் நான். முதல் பாடம் அரம் பிடிப்பது. இரும்புத் துண்டை ராவி ராவிச் சமதளமாக்க வேண்டும். ராவிய முகத்தின் மேல் எல் வடிவ மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன். இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் முகம் சமமில்லை, துண்டு தள்ளுபடி. மூலைமட்டம் என் மேசையில்தான் இருக்கும். பார்ப்பதும் நான்தான்.

சுகன்யா பல்லடத்திலிருந்து வருவாள். வீட்டில் விசைத்தறி. வகுப்பில் ஒரே பெண். அவளுடைய முதல் துண்டில் வெளிச்சம் பட்டையாகத் தெரிந்தது.

"ஏன் புள்ள, உன்ற பீஸுக்குச் சன்னல் வெச்சுப்போட்டயா?" என்றான், என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்...

வாரங்கள் போயின. பட்டை, கீற்றாயிற்று. கீற்று, நூலிழையாயிற்று. நிற்கும் விதம், முழங்கையின் உயரம், அரத்தைப் பின்னே இழுக்கும்போது அழுத்தாமலிருப்பது... ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தாள். எல்லாவற்றையும் கவனித்தேன். கவனிப்பதுதானே என் வேலை!

"ஏனுங்க மேடம், போன வாரத்துக்கு இது தேவலைங்களா?"

"வெளிச்சம் தெரியுது. ரிஜெக்ட்." துண்டைக் கழிவுத் தொட்டியில் போட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? பாராட்டினால் கை தளர்ந்துவிடும் என்று நினைத்தேனா? அதுவும் உண்டு. அதைவிட அசிங்கமான காரணம் இன்னொன்று. கண்டிப்பான மேடம் என்று பெயரெடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. இயந்திரத்தில் பொருத்தும் பாகத்துக்கு அந்தக் கண்டிப்பு சரி. கற்றுக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு...?

மறு திங்களன்று அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பல்லடம் போனேன். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வாசலுக்கு வந்தாள்.

"கோவமெல்லாம் இல்லீங்க மேடம். எனக்குக் கை வராதுங்க. தெரிஞ்சுபோச்சு."

"யாரு சொன்னது? வாராவாரம் வெளிச்சம் கொறஞ்சுட்டே வந்துச்சு சுகன்யா. நான் பார்த்தேன்!"

கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நெசமாலுமுங்களா? அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா வந்திருப்பனுங்களே..." பிறகு தன் வழக்கமான குரலுக்குத் திரும்பினாள். "இப்ப ரெண்டு தறி என்ற பொறுப்புங்க. உள்ள வாங்க மேடம், டீ குடிச்சுட்டுப் போலாம்."

குடித்தேன்.

இப்போது சொல்கிறேன். அளவில் விட்டுக்கொடுப்பதில்லை, ரிஜெக்ட் இன்றும் ரிஜெக்ட்தான். ஆனால் மூலைமட்டத்தை மாணவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். போன வாரத்துத் துண்டையும் இந்த வாரத்துத் துண்டையும் அவர்களே ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். எது குறைந்திருக்கிறது, கையில் எதை மாற்றியதால் குறைந்தது என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். தொண்டை வறண்டாலும் சொல்வேன். இதை நிறுத்தமாட்டேன்!

நேற்று ஒருவன், "ஆமாங்க மேடம், கொறஞ்சிருக்குதுங்க!" என்று கத்தினான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்தேன்.

சுகன்யா தன் நூலிழையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான்.