அரியணைமேல் ஒரு ஜோடி செருப்பு

ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது லேசு இல்லை. அக்கா எனக்கு முந்தின ஸ்டாப்பில் ஏறுவார். ஏறியதும் பக்கத்துச் சீட்டில் தன் டிபன் பையை வைத்துவிடுவார். பை இருந்தால் அங்கே ஆள் இருப்பதாக அர்த்தம்; யாரும் தொடமாட்டார்கள். நான் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வாம்மா, உக்காரு" என்பார். கூடப்பிறந்தவர் இல்லை. தையல் லைனில் எனக்குப் பக்கத்து மிஷின், அவ்வளவுதான். ஆனால் பல வருஷமாக என் நல்லது கெட்டது எல்லாவற்றையும் அந்த அக்காவிடம்தான் சொல்லி வந்தேன்.

எங்கள் அம்மன் கோயிலில் நவராத்திரிக்கு தினம் ஒரு அலங்காரம். அன்றன்றைய அலங்காரத்தைப் பற்றி எங்கள் ஏரியாக்காரர்களில் ஒருவர் பேசுவது வழக்கம். போன வருஷம் பூசாரி ஐயா என்னிடம், "ராஜராஜேஸ்வரி அலங்காரத்துக்கு நீ பேசும்மா" என்றார். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மைக்கைத் தொட்டதில்லை. அம்மனே கூப்பிட்டதாக நினைத்து ஒப்புக்கொண்டேன்.

அன்றைக்கு அம்மன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பாள். அதனால் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டேன். லீவு நாளில் லைப்ரரியில் அகராதியைப் புரட்டினேன். சிம்மம் சிங்கம், ஆசனம் இருக்கை. தமிழில் அரியணை என்றாலும் அதேதான், அரி என்பதும் சிங்கம். பழைய பாட்டுகளில் கட்டில் என்றே சொல்லியிருக்கிறார்களாம், அரசு கட்டில் என்று. தவிசு என்றும் ஒரு பெயர். இப்போது தேர்தலில் ஜெயித்தவரை அரியணை ஏறினார் என்று பேப்பரில் போடுகிறார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இறந்தவரை இதய சிம்மாசனத்தில் உட்கார வைக்கிறோம். முறையிட வருகிறவன் நிற்பதும் அரியணைக்கு எதிரேதான். அப்படியென்றால் அது பெருமைக்கு மட்டும் போட்ட இருக்கை இல்லை, காது கொடுப்பதற்கும் போட்டது என்று எனக்குத் தோன்றியது.

இதெல்லாம் யாரும் சொல்லக்கூடியதுதான். நான் சொல்ல ஆசைப்பட்டது வேறு. அண்ணன் காட்டுக்குப் போனபோது தம்பி அந்த அரியணையில் தான் உட்காரவில்லை. அண்ணன் காலில் கிடந்ததைத் தலையில் தூக்கி வந்து அங்கே வைத்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் ஷூ தைக்கிற நான் அதை நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அத்தனை பெரிய ராஜ்யத்தை ஆண்டது ஒரு ஜோடி செருப்பு.

அழுகைக்குக் காரணம் இருந்தது. கலவை என்ற ஊரில் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பூஜை ரூமில் விளக்கேற்றப் போனேன். நாத்தனார் மெதுவாக என் கையைப் பிடித்து, "நீ தோல்ல வேலை செய்யறவ. உள்ள வாணாம். வெளிய உக்காரு" என்றார். என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. தெரிந்தால் உறவே போய்விடும் என்று அவரிடம் மூச்சு விடவில்லை. பஸ்ஸில் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அந்த அவமானத்துக்குத்தான் இந்தச் செருப்பு பதில் என்றும் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி சொல்லு" என்றார். தினமும் சொல்லிப் பார்த்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்றுகூட அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

அக்காவுக்கும் ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். என் நாளுக்கு முன்னால் வந்த துர்க்கை அலங்காரம். நானும் வீட்டுக்காரரும் முன்னாடியே போய் உட்கார்ந்தோம். அக்கா துர்க்கையின் சிங்கத்தில் ஆரம்பித்தார். சிங்கத்திலிருந்து அரியணைக்கு வந்தார். கட்டில், தவிசு, போஸ்டர் எல்லாம் வந்தது. சரி, சொல்தானே, நமக்குச் செருப்பு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். செருப்பும் வந்தது. நான் நிறுத்துகிற இடத்திலேயே நிறுத்தினார்.

"இது ராத்திரியெல்லாம் யோசிச்சப்ப எனக்குத் தோணுச்சு" என்றார். அதற்கப்புறம், "நம்ம லைன்ல ஒரு பொண்ணு. பேர் வாணாம். கலவைல அவ நாத்தனார் வீட்டுல பூஜை ரூமுக்குள்ள விடல, தோல் வேலை செய்றவன்னு" என்றார்.

பேர் வேண்டியிருக்கவில்லை. நாலைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யோசனையைத் தான் எடுத்துக்கொண்டு அவமானத்தை மட்டும் எனக்கு விட்டுவைத்தார். கைதட்டல் அடங்கும்போது வீட்டுக்காரர் கேட்டார்.

"எங்க அக்காவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊருக்கே சொல்லியிருக்க. எனக்குச் சொல்லல."

அன்றைக்கே கலவைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். தீபாவளிக்கு அங்கிருந்து யாரும் வரவில்லை, நாங்களும் போகவில்லை.

என் நாள் வந்தது. வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். ஒப்புக்கொண்டது அம்மனிடம் ஆயிற்றே. போனேன். சொற்களின் அர்த்தம் சொன்னேன். செருப்புக்கு வந்தபோது முன்வரிசையில் ஒரு பெரியம்மா, கெட்ட எண்ணத்தில் இல்லை, சாதாரணமாகச் சொன்னார்:

"இது துர்க்கை அலங்காரத்தன்னிக்கு அந்தப் பொண்ணு பேசினதாச்சே. அத கேட்டுட்டு வந்து சொல்றியா?"

சிலர் சிரித்தார்கள். அக்காவும் அங்கேதான் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. நான் மைக்கை வைத்துவிட்டு அம்மனைப் பார்த்தேன். சிம்மாசனத்தில் அத்தனை அழகாக உட்கார்ந்திருந்தாள். நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே தாயே, பஸ்ஸில நான் பேசினதையும் கேட்டிருப்பியே என்று மனசுக்குள் முறையிட்டேன். முறையிட வேறு இடம் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் பை வழக்கம்போல் சீட்டில் இருந்தது. அக்கா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வாம்மா, உக்காரு."

"எங்க வீட்டு விஷயத்த ஏங்க்கா சொன்னீங்க?"

"பேரா சொன்னேன்? நல்ல விஷயம்டி. நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்னு சொன்னேன். யார் சொன்னா இன்னா?"

"அப்ப அந்தப் பெரியம்மா கேட்டப்ப, இவ சொன்னதுதான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஸ்டாப்பில் ஏறிய ஒரு கர்ப்பிணிப் பெண் அந்தச் சீட்டைப் பார்த்தாள். அதற்குள் அக்கா பையைத் திரும்ப அங்கே வைத்துவிட்டார்.

"ஆள் வருது" என்றார்.

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பையைத் தூக்கி அக்கா மடியில் வைத்துவிட்டு, "நீ உக்காரும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கம்பெனி கேட் வரும்வரை நின்றுகொண்டே போனேன். இப்போதும் அப்படித்தான் போகிறேன்.