வனேடியம் சிவந்த அன்று

கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் நான் ஒரு முறை தோற்றவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை, அடுத்த முறை என்ன செய்தேன் என்பதையும் சொல்லப்போகிறேனே. தொண்ணூறுகளின் நடுவில் கொல்லயில் கிராமத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்கு பஸ் பிடித்துப் போய் பி.எஸ்ஸி படித்தேன். அப்பாவுக்குப் பாறசாலையில் தையல் கடை. இரண்டாம் முறை எழுதப்போவதற்கு முந்தின நாள் அவர் நேராகவே சொல்லிவிட்டார்: "மக்கா, இதிலயும் தோத்தா படிப்பு மதி, போதும். கடையில வந்து இருந்து தைச்சுக்கோ, கேட்டியா?"

எனக்கு வந்த கேள்வி வனேடியம் பென்டாக்சைடு தயாரிப்பு. அம்மோனியம் மெட்டாவனடேட் என்கிற வெள்ளைப் பொடியைப் பீங்கான் கிண்ணத்தில் சூடாக்கினால் அம்மோனியாவும் நீராவியும் போய், ஆரஞ்சும் சிவப்பும் கலந்த பொடி மிஞ்ச வேண்டும். அவ்வளவுதான் வேலை. எனக்கு ஒரே குஷி. ஆளுக்கு ஒரு தடவைக்கான பொடிதான் தருவார்கள்.

எங்கள் வீட்டில் அடுப்பில் எதையும் திறந்து வைக்க முடியாது. பல்லி விழும் என்று அம்மா கத்துவாள். வீட்டில் பழகிய கை அங்கேயும் சும்மா இருக்கவில்லை. கிண்ணத்தை பர்னரில் ஏற்றியதும், பக்கத்தில் கிடந்த மூடியை எடுத்து அழகாக மூடிவிட்டேன். எரிகிற பர்னர் மேல் எந்தப் பல்லி வந்து விழப்போகிறது! கால்மணி நேரம் கழித்துத் திறந்தால், உள்ளே நீலமும் கறுப்புமாக ஏதோ கிடந்தது.

அடுத்த மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, கரிஞ்சு போச்சே! இனி வேற பொடி தரமாட்டாவ."

இடுக்கியை எடுத்து, கிண்ணத்தைக் கொட்டிவிடப் போனேன். ஆனால் மூடியைத் தூக்கியபோது மூக்கில் ஏறிய அம்மோனியா நெடி இன்னும் போகவில்லை. அதுதான் என் மூளையைத் தட்டியது. பொடி கரியவில்லை. வெளியே போகவேண்டிய அம்மோனியாவை நானே உள்ளே பூட்டி வைத்திருக்கிறேன், அது ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துவிட்டது. பறிபோனதைக் காற்று திருப்பித் தராதா?

மூடியைத் தூர வைத்தேன். தீயைத் தணித்து, கண்ணாடிக் குச்சியால் புட்டுமாவு வறுப்பதுபோல விடாமல் கிளறினேன். கை கடுத்தது, நிறுத்தவில்லை. ஓரத்தில் முதலில் பழுப்பு, பிறகு ஒரு கீற்று ஆரஞ்சு. நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். மணி அடிக்கும் முன்பே கிண்ணம் முழுக்கச் செங்கல்பொடி நிறம்.

வெளியூர் எக்ஸாமினர் பொடியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். இது எதற்கு உபயோகம் என்று கேட்டார்.

"சல்பூரிக் ஆசிட் உண்டாக்குறதுக்கு கேட்டலிஸ்ட், சார். சல்பர் டையாக்சைடை ட்ரையாக்சைடு ஆக்கும்."

ஒரு சிட்டிகையை ஆசிட்டில் கரைக்கச் சொன்னார். மஞ்சளானது. அதில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டேன். மஞ்சள் பச்சையாகி, நீலமாகி, மறுபடி பச்சையாகி, கடைசியில் ஊதாவில் வந்து நின்றது. அத்தனை நிறமும் ஒரே வனேடியம்தான். "கொள்ளாமே!" என்று அவர் வாய்விட்டே பாராட்டினார். அன்றைக்கு என் தலை கூரையில் முட்டாததுதான் பாக்கி.

ரிசல்ட் வந்த அன்று பாறசாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைக்கு ஓடினேன். "அப்பா, ஜெயிச்சாச்சு! பிராக்டிகல்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆக்கும்!" அப்பா யாருக்கோ சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளை அப்படியே நிற்க விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"மக்கா, எம்.எஸ்ஸிக்கு அப்ளிகேஷன் எங்க கிட்டும்?"