தொரட்டிக் கம்பில் வந்த பை

பிரியமானவர்களே, என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட நாளைச் சபையில் சாட்சியாகச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். இத்தனை நாள் சொல்ல மனம் வரவில்லை.

வடுகபட்டியில் ஒரு பூண்டுக் கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு. பூண்டுத்தோல் தூசி ஏறினால் இழுக்கும். பையில் எப்போதும் மூச்சுக்கு மருந்து உறிஞ்சுகிற பம்ப் இருக்கும். இரண்டு முறை உறிஞ்சினால் அடங்கிவிடும்.

முதல் ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடத் தொடங்கிய புரட்டாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அரை நாள் வேலை முடிந்து தேவதானப்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில்தான் உட்கார வேண்டும். பையைப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தேன். பாதி வழியில் இருமல் வந்தது. அடக்க அடக்க அதிகமானது. மூச்சு வாங்க மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கினேன்.

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "ஏம்மா, கொரோனாவ வச்சுக்கிட்டா பஸ்ல ஏறுன?"

"இது வீசிங்ணே. சின்ன வயசுலருந்தே..."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்றாக. கண்டக்டர், வண்டிய நிப்பாட்டுங்க!"

கண்டக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எறங்கிருத்தா. இல்லேன்னா இவுக விடமாட்டாக."

இரண்டு சீட் தள்ளி நம் சபைச் சகோதரி ஒருத்தி இருந்தாள். என் வீசிங் அவளுக்குத் தெரியும். எனக்காக ஜெபித்திருக்கிறாள். அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நடுக்காட்டில் இறங்கினேன். பதற்றத்தில் பையை மறந்துவிட்டேன். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், ஜன்னல் வழியாக என் பையை யாரோ வீசினார்கள். நடுரோட்டில் விழுந்தது. இருநூறு அடி இருக்கும். என்னால் பத்து அடி நடக்க முடியவில்லை. ஒரு தென்னந்தோப்பு வேலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பைக் வந்தன. நான் இருமுவதைப் பார்த்ததும் ரோட்டின் அந்த ஓரத்துக்கு ஒதுங்கிப் போயின. உதடு மரத்தது. என் பிள்ளைகள் முகம் வந்தது. நீளமாக ஜெபிக்க மூச்சு இல்லை.

"ஆண்டவரே, அந்தப் பை." அவ்வளவுதான் ஜெபித்தேன்.

தோப்புக்காவல்காரர் வெளியே வந்தார். வயதானவர். வாயில் துண்டு கட்டியிருந்தார்.

"ஏத்தா, அங்கனயே இரு! கிட்ட வந்தே, நாய அவுத்து விட்ருவேன். சாகுறதுக்கு என் தோப்புதான் கெடைச்சுச்சா?"

நான் பையைக் கைகாட்டினேன். "பம்ப்" என்றேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ. அசிங்க அசிங்கமாகத் திட்டிக்கொண்டே உள்ளே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். தேங்காய் பறிக்கிற நீளமான தொரட்டிக் கம்போடு திரும்பி வந்தார். ரோட்டுக்குப் போய், பையின் காதில் தொரட்டியை மாட்டி, தரையோடு இழுத்துக்கொண்டே வந்தார். கம்பின் நீளத்துக்கு அந்தப்பக்கம் நின்று என் காலடியில் தள்ளினார்.

"எடுத்துத் தொலை!"

பம்பை உறிஞ்சினேன். மூச்சு வந்தது. நான் எழுந்து நிற்கிறவரை அவர் வெயிலில் நின்று திட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு மாதம் கழித்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவரைப் பார்க்கப் போனேன்.

"அங்கனயே வச்சிட்டுப் போ," என்றார். நான் திரும்பியபோது சொன்னார்: "எந்தம்பி இந்த நோயில செத்து, நீ வந்த அன்னைக்கு எட்டு நாளு. மொகத்தக்கூடக் காட்டல. பயமாத்தான்த்தா இருந்துச்சு."

அந்த மனிதரைத்தான் ஆண்டவர் எனக்கு அனுப்பியிருந்தார்.

அந்தச் சகோதரி என் வீட்டு வாசலுக்கு வந்து அழுதாள். "பயந்துட்டேன்க்கா. வாயே வரல." நான் கதவைச் சாத்தினேன். மன்னிக்கவிடாத என் வைராக்கியத்தை எடுத்துப் போடும் என்று ஆண்டவரிடம் தினமும் கேட்டேன். அந்த ஜெபத்துக்குப் பதில் வர வருடங்கள் ஆயின. போன வாரம் நானே அவள் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தாள். குடித்தேன்.

இங்கே யாருக்காவது மூச்சு முட்டுகிற கஷ்டம் இருந்தால், வார்த்தை தேடாதீர்கள். வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார். அவருக்கே ஸ்தோத்திரம்.