ஓடாத தட்டில் கேட்டது

சுனிதா இலவம்பஞ்சு மெத்தையை வாசலில் வெயிலுக்குப் போட்டு, உடைந்த குடைக்கம்பால் அடித்துக்கொண்டிருந்தாள். மகள் பவ்யாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து வியாழக்கிழமை தாய்வீட்டுக்கு வருகிறாள், பிரசவம் இங்கேதான். அவள் படுக்கப்போகிற முன்னறையில் சுனிதாவின் கணவர் ஏகநாதனும் அவருடைய கூட்டாளி மேக்ஸ்வெல்லும் ஒரு பழைய ஜப்பான் டர்ன்டேபிளுக்கு முன்னால் குந்தியிருந்தார்கள்.

ஏகநாதன் தினமும் விடியலில் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், ஒரு மருந்துக் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் திரும்புகிறவர். எதையும் பயந்து பயந்துதான் வாங்குவார். மிக்ஸி வாங்கவே மாதக்கணக்கில் அலைந்தவர். கேஸ் சிலிண்டர் மாற்றினால் சோப்பு நுரை தடவிப் பார்த்து, படுத்தபின் எழுந்துபோய் இன்னொரு தரம் தடவிப் பார்ப்பார். ஊருக்குள்ளேயே பாலகாட் பக்கம் யாரோ வீடு காலி பண்ணியபோது ஒரு பெட்டி நிறைய சினிமா இசைத்தட்டுகள் அவர் கைக்கு வந்தன. அவற்றைப் போட ஒரு டர்ன்டேபிளுக்கு அன்றிலிருந்து இந்தத் தேடல்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப பஜ்ஜியத் தின்னுட்டு அஞ்சு நிமிசத்துல சரின்னாரு இந்த மனுசன்," என்றாள் சுனிதா வாசலிலிருந்து.

"அதுல ஏமாந்துட்டுத்தாம்மா இப்ப உஷாரா கீறான்," என்றான் மேக்ஸ்வெல்.

மேக்ஸ்வெல்லுக்கு ராபர்ட்சன்பேட்டையில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை. "பாரு ஏகா, இது டைரக்ட் டிரைவ். பெல்ட்டே கெடையாது, மோட்டார் தண்டு மேலயே தட்டு குந்திங்கீது. ஓரத்துல புள்ளிங்க தெரியுதா? தட்டு சுத்தசொல்ல பக்கத்துல எரியற லைட்ல புள்ளி நின்ன எடத்துலயே நின்னா ஸ்பீடு கரெக்ட்டு. ஜப்பான்ல கரென்டு நூறு வோல்ட்டு. அதனால இந்த டிரான்ஸ்ஃபார்மர் பொட்டி இல்லாம சுவத்துல சொருவிடாத, புகைஞ்சிரும். மூடி விரிசல், அதான் உன் பட்ஜெட்டுக்கு வந்துச்சு. மூடியா பாடப்போவுது?"

"அந்த உறுமல் டெஸ்ட்டு போடு மொதல்ல."

போன ஞாயிறு மேக்ஸ்வெல் கொண்டுவந்த மெஷினை ஏகநாதன் அந்தச் சோதனையில்தான் கழித்துக் கட்டினார். நிற்கிற தட்டின்மேல் ஊசியை வைத்து வால்யூமைக் கூட்ட வேண்டும். நல்ல செட் மௌனமாக இருக்கும். அதில் அடிவயிற்றில் இருந்து வருகிற மாதிரி ஓர் உறுமல். சுற்றாவிட்டாலும் கரென்டில் இருக்கிற மோட்டார்தான் உறுமுகிறது, மெஷின் போச்சு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மேக்ஸ்வெல் அதைப் பெங்களூரில் விற்றான். வாங்கினவர் தங்கமான செட் என்று போன் பண்ணிச் சொன்னாராம்.

இப்போது இதிலும் அதே உறுமல். நடுநடுவே 'தொம்' என்று ஒன்று.

"யம்மா, மெத்தைய அடிக்கறத நிறுத்து," என்றான் மேக்ஸ்வெல்.

அவள் நிறுத்தினாள். உறுமல் நிற்கவில்லை.

மேக்ஸ்வெல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஹெட்போன் மாட்டிக் கேட்டான். பிறகு டர்ன்டேபிளின் பிளக்கையே பிடுங்கினான். "ஊசிக்குக் கரென்டு தேவையில்ல, அது பாட்டுக்கு ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். இப்ப மோட்டாருக்கு உயிரே இல்ல. கேளு."

ஏகநாதன் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். உறுமல் இருந்தது. தொம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி தொம்.

"இன்னாங்க, இன்னா ஆச்சு?" சுனிதா உள்ளே வந்தாள்.

மேக்ஸ்வெல் வெளியே கிடந்த பழைய சைக்கிள் டியூபை எடுத்துவந்து காற்றடித்து, அதன்மேல் செட்டை உட்கார வைத்தான். ஹெட்போனில் உறுமல் பாதியாகக் குறைந்தது. டியூபை எடுத்ததும் பழையபடி வந்தது. தரையிலிருந்துதான் ஏறுகிறது.

"எங்க கடையில ரெண்டு செட்டையும் போட்டுப் பாத்தேன் ஏகா," என்றான் மெல்ல. "கம்முனு இருந்துச்சு."

சுனிதா ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். "லாரி எதுனா போவுதா இருக்கும்," என்றாள்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் அந்த லாரியைத் தெரியும். பூமிக்கடியில் பாறை வெடித்து அலமாரிப் பாத்திரம் உருண்டால் அம்மாக்கள் பிள்ளைகளிடம், "லாரி போவுது, தூங்கு," என்பார்கள். பிள்ளைகள் தூங்கியதும் சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாசலுக்கு ஓடுவார்கள், ஆளேற்றும் இரும்புக்கூண்டில் யார் மேலே வருகிறார்கள் என்று பார்க்க. ஏகநாதனுக்கு ஆறு வயதில் அப்படி ஒரு லாரி போயிற்று. அப்பா வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை. அன்று தொற்றிய பயம்தான் சிலிண்டருக்கும் மிக்ஸிக்கும் வந்தது.

சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. கீழே தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது என்பார்கள், பாறை இன்னும் வெடிக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. இப்போது எந்த ஷிஃப்டும் இறங்குவதில்லை. அடியில் பயப்பட ஆளில்லை. மேலேதான் இருக்கிறார்கள்.

"தண்ணி பம்ப்பா இருக்கலாம்," என்றான் மேக்ஸ்வெல். "ரயிலா இருக்கலாம்."

"ஞாயித்துக்கெழம இந்நேரத்துக்கு எந்த ரயிலு?" என்றார் ஏகநாதன். "நான் தினம் போறவன்டா."

அவர் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. வருஷக்கணக்காக இதன்மேல்தான் படுத்துத் தூங்குகிறோம், ஒன்றுமே தெரியாமல். மோட்டாரை நம்பாமல் இரண்டு நல்ல செட்டைச் சந்தேகப்பட்டதுதான் மிச்சம்.

சுனிதாவின் போன் அடித்தது. பவ்யா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, பெட்டி கட்டிட்டேன். அப்பா எந்த ரயிலுக்கு வர்றாருன்னு கேளு. ஆமா, அந்த ரெகார்டு பிளேயரு வாங்கிட்டாரா இல்லியா? எம்புள்ள வந்து வாங்கணுமா?"

"அப்புறம் பேசுறேன்டா," என்று வைத்தாள் சுனிதா. குரலை எப்படியோ சாதாரணமாக வைத்திருந்தாள்.

ஏகநாதன் ஊசியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார். ஹெட்போனும் அடங்கியது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பொண்ண அவ மாமியார் வூட்லயே வெச்சுக்க சொல்லலாமா?" என்றார்.

"இன்னா காரணம் சொல்றது? பாட்டுப் பொட்டி சொல்லுச்சுன்னா?" அவள் மேக்ஸ்வெல் பக்கம் திரும்பினாள். "அண்ணா, மெஷினு ஆளு நீங்க. கேட்டீங்க. உங்க பொண்ணா இருந்தா இந்த ரூம்ல படுக்க வெப்பீங்களா?"

மேக்ஸ்வெல் ஹெட்போன் ஒயரை நிதானமாகச் சுற்றினான். பைக் ஹெல்மெட்டை எடுத்தான். டர்ன்டேபிளை அப்படியே விட்டுவிட்டு, மெத்தையைத் தாண்டி வெளியே போனான்.