பேஷி ஆலோ

கல்யாணமாகிக் கல்கத்தா வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவருக்கு பாங்க் வேலை. அவர் கிளம்பிப் போனால் அப்புறம் எனக்கும் அந்த ஊருக்கும் நடுவில் பாஷை தெரிந்த ஆள் கிடையாது. எனக்குத் தெரிந்த வங்காளி ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். பாலோ என்றால் நல்லது. ஜோல் என்றால் தண்ணீர். ஆலோ என்றால் வெளிச்சம், ஆலு என்றால் உருளைக்கிழங்கு. கறிகாய்க்காரனிடம் ஒரு கிலோ வெளிச்சம் கேட்டுவிட்டு, அவன் ஏன் சிரிக்கிறான் என்று அவனிடமே சண்டைக்குப் போனவள் நான். பள்ளிக்கூட நாளில் பரீட்சை எழுதிப் பாஸ் செய்த இந்தியை வைத்து மீதியை ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இந்தி தெரிந்தவளுக்கு வங்காளி என்ன பெரிய வித்தை என்று ஒரு திமிர் வேறு.

கீழ்வீட்டில் ஒரு வங்காளித் தம்பதி இருந்தார்கள். குழந்தைகள் இல்லை. அவரை தாதா என்பேன், அவர் மனைவியை பௌதி என்பேன். நம் ஊரில் அண்ணா, மன்னி என்கிற மாதிரி. இன்றைக்குத் தமிழில் தாதா என்றால் கத்தியோடு வருகிறவன் என்று ஆகிவிட்டது. எங்கள் தாதா எறும்பு போனால் ஒதுங்கி வழிவிடுகிறவர். ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் திருத்துகிற வேலை. நாள் முழுக்கப் பொடி எழுத்தைப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு மீனைவிடச் செடிதான் முக்கியம். ரிப்பன் மாதிரி நீளநீளமாக இலை விட்டுத் தண்ணீருக்குள் அசைகிற செடி. அதை வளர்க்க மீன் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு கண் கிடையாது. சின்ன வயசில் விளையாடும்போது பந்து பட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணில் புரை விழுந்தது. அது போனால் வேலையும் போச்சு, உலகமும் போச்சு. ஆபரேஷனுக்கு மெட்ராஸ்தான் சரி என்று யாரோ சொல்லி, இரண்டு பேரும் கிளம்பினார்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல் அவர்கள் என் ஊருக்கு, வங்காளி தெரியாமல் நான் அவர்கள் ஊரில். பகவான் எங்கேயோ சீட்டை மாற்றிக் கலைத்துவிட்டார் என்று தோன்றியது.

தொட்டியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். என் கணவர் முதலில் தயங்கினார்.

"நம்மாத்துல மீனா?"

"சமைக்கவா சொன்னா? பார்க்கத்தானே!" என்றேன். 

கிளம்புகிற அன்று தாதா மாடி ஏறி வந்தார். என் கணவர் ஆபீஸ் போயிருந்தார். தாதா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, உள்ளே பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்ததோ. பிறகு என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்:

"பேஷி ஆலோ தேபேன் நா."

எனக்கு ஒரே சந்தோஷம். முழுசாகப் புரிந்த முதல் வங்காளி வாக்கியம் அது! ஆலோ, வெளிச்சம். தேபேன், கொடுங்கள். பேஷி? பேஷ் பேஷ் என்று எங்கள் வீட்டில் காபியைக் குடித்துவிட்டுச் சொல்கிற அதே பேஷ். பௌதியும் நன்றாயிருந்தால் "பேஷ்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடைசியில் அந்த நா? இந்தியில் "தீஜியே நா" என்று கெஞ்சுவார்களே, கொடுங்களேன் என்று, அதுதான். பேஷாக வெளிச்சம் கொடுங்களேன் அம்மா என்று கேட்கிறார் மனுஷர். கண் இருட்டிக்கொண்டு வருகிற ஒருவர் வேறென்ன கேட்பார்?  "ஹாங் தாதா, ஜரூர்!" என்று தலையை ஆட்டினேன். அவரும் நிம்மதியாக இறங்கிப் போனார்.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். "தொட்டிக்கு நன்னா வெளிச்சம் வேணுமாம். கைகூப்பாத குறையாச் சொல்லிட்டுப் போயிருக்கார்."

அவர் எதைச் செய்தாலும் முழுமூச்சாகச் செய்கிறவர். தாதா வீட்டில் அந்தத் தொட்டி ஒரு மூலையில், மூடியில் செருகின ஒற்றைக் குண்டு பல்போடு இருந்தது. இவர் அதற்கு மேலே ஒரு ட்யூப் லைட்டையும் மாட்டினார். அந்த நாள் கல்கத்தாவில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். லோட் ஷெடிங் ஆனால் தாதாவின் செடி என்ன செய்யும்? அதற்கும் வழி பண்ணினோம். தெற்குப் பார்த்த ஜன்னலை ஒட்டித் தொட்டியை வைத்து, திரையைக் கழற்றிவிட்டோம். பகலெல்லாம் வெயில், வெயில் சாய்ந்தால் விளக்கு. எங்களுக்கே அந்த வீட்டில் அவ்வளவு வெளிச்சம் கிடையாது.

கொஞ்ச நாளில் தண்ணீரில் இளம்பச்சை ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. "பேஷ்! செடி எப்படிப் பிடிச்சுண்டுடுத்து பாரு," என்றார் இவர். செடி பிடித்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொண்டது பாசி. முதலில் கண்ணாடியில் கோலப்பொடி தூவின மாதிரி பச்சைப் புள்ளி. அப்புறம் இலை நுனிகளில் தலைமுடி மாதிரி நூல் நூலாக. அப்புறம் அந்த நூல் இலையைச் சுற்றி, செடியைச் சுற்றி, ஒரு சிக்கு. அதற்குள்ளே ரிப்பன் இலைகள் மஞ்சளாகிப் பொத்தல் விழ ஆரம்பித்தன. செடிக்கும் பாசிக்கும் சாப்பாடு ஒன்றுதான், வெளிச்சம். பந்தி பெரிதாகப் பெரிதாகப் பாசிதான் முந்திக்கொண்டு இலை போடுகிறது. இது பிற்பாடு தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: செடி வாடுகிறது, வெளிச்சம் போதவில்லை.

இன்னொரு பல்பு போட்டோம்.

கண்ணாடியைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். போனது. மறுபடி வந்தது. தண்ணீரை மாற்றினேன். தெளிந்தது, மறுபடி கலங்கியது. என் கணவரின் ஆபீஸில் ஒருத்தர் வெளிச்சத்தைக் குறை என்றாராம், இன்னொருத்தர் தீனியைக் குறை என்றாராம். குறைக்கச் சொல்ல இவர்கள் யார், தொட்டிக்குச் சொந்தக்காரரே கூட்டச் சொல்லியிருக்கிறாரே! கடைசியில் நானே கரியாஹாட்டில் மீன் தொட்டி விற்கிற கடைக்குப் போய், கையையும் காலையும் ஆட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். ஜன்னல், வெயில், ட்யூப் லைட், பல்பு. கடைக்காரர் கேட்டுவிட்டு, "ஆலோ பேஷி, திதி. கூப் பேஷி," என்றார். வெளிச்சமெல்லாம் பேஷ் அக்கா, ரொம்ப பேஷ். அப்படியானால் கோளாறு எங்கே? ஒன்றும் புரியாமல் திரும்பினேன். டிராமில் வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாரும் பேஷ் என்கிறார்கள், தொட்டியோ சாகிறது!

தாதாவும் பௌதியும் மெட்ராஸிலிருந்து திரும்பினார்கள். தாதாவின் கண்மேல் ஒரு பச்சைத் துணி, நெற்றியில் கட்டி முன்னால் தொங்கவிட்டது. அந்த நாளில் கண் ஆபரேஷன் ஆனவர்கள் எல்லாரும் அப்படித்தான் திரிவார்கள். அதற்குள்ளிருந்து பார்த்தால் பச்சையாக ஒரு மங்கல், அவ்வளவுதான் தெரியும். பார்வை எவ்வளவு வரும் என்பது தடிக் கண்ணாடி போட்டபின்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பாலிகஞ்சில் கண்ணாடி செய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அது வரும்வரை குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது. பௌதி மெட்ராஸில் ஒரு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டு வந்திருந்தார். நர்ஸ் தினமும் தாதாவிடம் சொன்னது: "அழக் கூடாது." கண்ணீர் வந்தால் கண்ணுக்கு ஆகாதாம். பௌதி அதைப் பெருமையாக, "ஆளாக் கூடாது!" என்று எனக்குச் சொல்லிக் காட்டினார்.

 தாதா அழக் கூடாது. மேலே தொட்டி இருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் அவர் அழாமல் என்ன செய்வார்?

தினமும் அவர் கீழேயிருந்து குரல் கொடுப்பார். "காச் பாலோ?" செடி நன்றாயிருக்கிறதா?

"பாலோ, பாலோ!" என்று மாடியிலிருந்து கத்துவேன். கத்திவிட்டு உள்ளே ஓடி, நாரை எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் தேய்ப்பேன். பிறகு பகலென்றும் பாராமல் எல்லா விளக்கையும் போடுவேன்.

கண்ணாடி வந்த அன்று நான் எதிர்பார்க்கவேயில்லை. மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருக்கிறேன், பௌதி தாதாவின் கையைப் பிடித்து மாடி ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். கையில் கண்ணாடிக்கூடு. புதுக் கண்ணாடியைப் போட்டு முதலில் என் தொட்டியைத்தான் பார்ப்பேன், அதுவரைக்கும் பிரிக்கவே மாட்டேன் என்று தாதா குழந்தை மாதிரி அடம் பிடித்திருக்கிறார். என் கணவரும் அன்றைக்கு லீவு. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். 

"ஏன்னா, ஏதாவது சொல்லுங்கோளேன்!"

"என்னத்தைச் சொல்ல?" என்றார் இவர்.

பௌதி நாற்காலியைத் தொட்டிக்கு நேர் எதிரே, நெருக்கமாக இழுத்துப் போட்டார். தாதா உட்கார்ந்தார். பச்சைத் துணியை பௌதி அவிழ்த்தார். தாதா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பௌதி தடிக் கண்ணாடியை அவர் மூக்கின்மேல் வைத்து, காதில் மாட்டிவிட்டார். அந்த மாதிரிக் கண்ணாடியில் பக்கவாட்டில் எதுவும் தெரியாது, நேரே இருப்பது மட்டும்தான். தாதா கண்ணைத் திறந்தார்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். துணி இன்னும் இருக்கிறதா என்று நெற்றியைத் தடவினார். இல்லை. மறுபடி பார்த்தார்.

"ஷோபுஜ்," என்றார் மெதுவாக. "ஷோப் ஷோபுஜ்."

பச்சை. எல்லாம் பச்சை. அந்த வார்த்தை எனக்குத் தெரியும், கறிகாய்க்காரன் சொல்வான். துணியை எடுத்த பிறகும் பச்சை. தாதா பௌதியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "சோக்டா கேலோ கோ," என்றார். கண் போச்சு.  தொட்டிப் பக்கம் பௌதி திரும்பவே இல்லை, தாதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒரு விநாடி ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினதும் தலையில் இடி. ஐயோ, மனுஷர் கண் போய்விட்டது என்று நினைக்கிறார்! அது கண் இல்லை, தொட்டி! இந்தியும் மறந்தது, எல்லாமும் மறந்தது. ஓடிப்போய்த் தொட்டியைக் கையால் அடித்துக்கொண்டு, "பாசி! தாதா, பாசி! கண்ணு இல்லை, பாசி!" என்று தமிழில் கத்தினேன்.

தாதா திடுக்கிட்டார். "பேஷி?" என்றார். "கீ பேஷி?"

"பாசி, பாசி!"

"கீ பேஷி?"

என்ன பேஷி என்று கேட்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. என்ன பேஷ், எது பேஷ்? அவர் சொன்னதுதானே! மேலே எரிகிற விளக்குகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். "ஆலோ! நீங்க சொன்ன ஆலோதான்! ஆலோ பேஷி!"

தாதா தலையை முழுசாகத் தூக்கினார். அந்தக் கண்ணாடிக்குள் ட்யூப் லைட் வந்தது, ஒரு பல்பு வந்தது, இன்னொரு பல்பு வந்தது, ஜன்னல் வந்தது, வெயில் வந்தது. வெள்ளை வெளிச்சம். பச்சை இல்லை. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு தொட்டிப் பக்கம் குனிந்து, கட்டைவிரல் நகத்தால் கண்ணாடியில் ஒரு கோடு கிழிக்கப் பார்த்தார். கோடு விழவில்லை. பாசி உள்பக்கம் அல்லவா? கையைச் சட்டையோடு தண்ணீருக்குள் முழங்கை வரை விட்டு, உள்ளேயிருந்து நகத்தால் இழுத்தார். பச்சையில் ஒரு கீற்று தெளிந்தது. அந்தக் கீற்றுக்குப் பின்னால் ஒரு சிவப்பு மீன் வந்து நின்று, வாலை ஆட்டிவிட்டுப் போனது.

"லால்!" என்று கூவினார். சிவப்பு! பிறகு விரலைத் தூக்கிக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, நகத்தில் ஒட்டியிருந்த பாசி நூலைப் பார்த்தார். ஒரே ஒரு நூல், முடியைவிட மெல்லியது. ப்ரூஃபில் புள்ளி விட்டுப்போனதைத் தேடுகிறவர் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். அது தெரிந்தது அவருக்கு. அது தெரிந்தால் எழுத்தும் தெரியும். அவர் கண் நிரம்பிவிட்டது.

பௌதி எழுந்து பாய்ந்தார். முந்தானையை எடுத்து அவர் கன்னத்தை ஒற்றிக்கொண்டு, பதறிப்போய், தன் பாஷையும் என் பாஷையும் ஒரே மூச்சில் வர, "கேந்தோ நா! ஆளாக் கூடாது! கேந்தோ நா!" என்றார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கேந்தோ நா, அழக் கூடாது. நா என்றால் கூடாது. அப்படியானால் தேபேன் நா என்றால்? கொடுக்காதீர்கள்! கடைக்காரர் சொன்ன பேஷியும் பேஷ் இல்லை, அதிகம்!

ஐயையோ!

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றார் என் கணவர்.  ஓடிப்போய் ட்யூப் லைட்டை அணைத்தேன். பல்புகளை அணைத்தேன். ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினேன். அறை மங்கியது.

நாற்காலியிலிருந்து தாதா துள்ளி எழுந்தார். ஒரு கை தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட, இன்னொரு கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் கத்தினார்:

"ஆலோ தீன், போன்! ஆஜ் பேஷி ஆலோ தீன்!"

வெளிச்சம் கொடு, தங்கச்சி. இன்றைக்கு நிறைய வெளிச்சம் கொடு. கடைசியில் நா இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. எல்லா விளக்கையும் போட்டேன்.