வசனம் பேசினால் வேறு சம்பளம்

வண்டன்மேட்டில் எங்கள் ஏலத்தோட்டத்தில் படப்பிடிப்பு நடந்தது. காய் எடுக்கும் பெண்களில் பத்துப் பேரைக் கூட்டத்தில் நிற்கக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். கதாநாயகி கனடாவில் நடிக்கும் ஈழத்துப் பெண். ஒல்லியான உடம்பு, சாயம் பூசாத நரை. எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதானாலும் வரிவரியாக விரல் வைத்து வாசித்த பிறகுதான் போடுவார்.

மத்தியானம் இயக்குநர் திடீரென்று என்னைக் காட்டி, "மழை வருது, ஓடுங்க" என்று கத்தச் சொன்னார். கத்தினேன். முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. அதன்பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் படக் கம்பெனி மேனேஜர் எல்லோருக்கும் கொடுத்த கூலியையே எனக்கும் நீட்டினார். பக்கத்தில் நின்ற அந்த நடிகை குறுக்கிட்டார்.

"இவா வசனம் பேசினவா எல்லோ? பேசினா வேற சம்பளம்."

மேனேஜர் முறைத்தார். நடிகை அசையவில்லை. கடைசியில் இரண்டு மடங்கு என் கைக்கு வந்தது. கூட இருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

"எனக்குக் கேக்கவே தோணலியேம்மா" என்றேன்.

"நானும் கனகாலம் கேக்காமல் இருந்தனான். டிவியில முகம் வரும், வாடகைக்குக் காசு இராது. படம் இல்லாத மாசம் இப்பவும் பேக்கரியில வேலை செய்யிறனான்."

"இந்தப் படத்துக்கு உங்களுக்குக் குடுத்துட்டாங்களா?"

அவர் சிரித்தார். "பாதிதான் வந்தது. மிச்சத்துக்கு நாளைக்குத்தான் சண்டை."

ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். தன் பணத்துக்கு முன்னால் என் பணத்தை அவர் ஏன் கேட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.